ஷார்ட் போட்ட பிறகும் திறந்துகொண்ட சி.டி.: ஒரு மீட்டர் மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஓர் உற்பத்தி ஆலையின் பிரதான மின்பேனலில், சப்ளை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஜிட்டல் மீட்டரை மாற்றப் போன இடத்தில் நடந்த நிகழ்வு இது. யாருக்கும் காயமில்லை. பெரிய மின்னோட்டத்தை மீட்டர் அளக்கக்கூடிய சிறிய மின்னோட்டமாக்கித் தரும் ஒரு மின்னோட்ட மாற்றி, அதாவது எல்லோரும் சி.டி. என்று சொல்வது, பழுதானது. அன்றைய ஷிஃப்டில் பாதி வீணானது. நட்டம் பெரிதல்ல. இருந்தாலும் இதை விரிவாக எழுதக் காரணம், வேலை செய்த டெக்னீஷியன் விதி தெரியாதவர் அல்ல என்பதுதான். "சி.டி.யின் செகண்டரியைத் திறக்காதே, முதலில் ஷார்ட் பண்ணு" என்ற பாடத்தை அவர் அன்றும் கடைப்பிடித்தார். செகண்டரி என்பது மீட்டருக்கு மின்னோட்டம் தரும் சுருள்; திறப்பது என்றால் அதன் வயர்ப்பாதை துண்டாவது, ஷார்ட் என்றால் அதன் இரு முனைகளையும் நேரடியாக இணைப்பது. ஷார்ட் போட்டார், சரிபார்த்தார், அதற்குப் பிறகுதான் மீட்டருக்குப் போகும் வயரின் இணைப்பை, அதாவது லிங்கை, திறந்தார். அப்படியும் சி.டி. திறந்துகொண்டது.

பேனல் மூன்று ஃபேஸ், 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிரதான பிரேக்கரை அடுத்து, பெரிய மின்னோட்டத்தைச் சுமக்கும் உலோகப் பட்டைகளான மூன்று பஸ்பார்களிலும் தலா ஒரு வளைய வகை சி.டி. பெயர்ப்பலகையில் 800/5 (பஸ்பாரில் 800 ஆம்பியர் என்றால் செகண்டரியில் 5), கிளாஸ் 0.5 (முழு மின்னோட்டத்தில் பிழை 0.5 சதவீதத்துக்குள்), 10 வி.ஏ. (செகண்டரி தாங்கும் சுமை) என்று இருந்தது. அவற்றின் வயர்கள் பேனலின் பஸ்பார் அறையிலிருந்து அதே பேனலின் கன்ட்ரோல் அறைக்கு வந்து, ஒரு டெர்மினல் வரிசையைக் கடந்து, கதவில் இருக்கும் மீட்டருக்குப் போகின்றன. அந்த டெர்மினல்கள் லிங்க் வைத்தவை. நடுவில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி லிங்கை நகர்த்தினால் அந்த வயர்ப்பாதை அங்கே துண்டாகும். லிங்கின் ஒரு பக்கம் சி.டி., மறுபக்கம் மீட்டர்.

மீட்டரின் திரை மங்கிப்போய் எண்களைப் படிக்க முடியவில்லை. பாதுகாப்பு ரிலேக்களுக்குத் தனி சி.டி.கள் இருந்தன, மின்கட்டணத்துக்கான மீட்டரும் வேறு. ஆகவே இதை எல்லோரும் சின்ன வேலையாகவே பார்த்தார்கள். ஷட்டவுன் கேட்கவில்லை.

## அந்த வயரில் ஓடுவது எது

நடந்ததைப் புரிந்துகொள்ள, சி.டி. மற்ற மின்மாற்றிகளிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பது தெரிய வேண்டும்.

சாதாரண மின்மாற்றியின் பிரைமரியில் நாம் கொடுப்பது வோல்ட்டேஜ். செகண்டரியில் எவ்வளவு லோடு போடுகிறோமோ அதற்கேற்ப அது மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். செகண்டரியைத் திறந்து வைத்தால் சும்மா இருக்கும், அவ்வளவுதான். சி.டி.யின் பிரைமரி லோடுடன் தொடராக இருக்கிறது. இங்கே பிரைமரி என்பது வளையத்துக்குள் ஒருமுறை நுழைந்து வெளியேறும் பஸ்பார்தான். அதில் எவ்வளவு ஆம்பியர் ஓடுவது என்பதை ஆலையின் மோட்டார்கள் தீர்மானிக்கின்றன, சி.டி.யின் செகண்டரியில் என்ன மாட்டியிருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

800/5 என்றால் செகண்டரியில் 160 சுற்றுகள். அன்று காலை லோடு ஏறத்தாழ 520 ஆம்பியர். பஸ்பாரின் 520 ஆம்பியர்-சுற்றை (ஆம்பியரைச் சுற்றுகளால் பெருக்கியது; பஸ்பார் ஒரே சுற்று) எதிர்த்து செகண்டரியில் 3.25 ஆம்பியர் 160 சுற்றுகளில் ஓடி, கிட்டத்தட்ட முழுவதையும் சமன்செய்கிறது. இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம்தான், சில ஆம்பியர்-சுற்றுகள் மட்டும், இரும்புக் கோரைக் காந்தமாக்குகிறது. அளவீட்டில் வரும் பிழையும் அந்தச் சிறு வித்தியாசத்திலிருந்தே பிறக்கிறது. இந்த நிலையில் மீட்டர் வயர்களுக்கு இடையே இருந்த வோல்ட்டேஜ் ஒரு வோல்ட்கூட இல்லை. தொட்டால் ஒன்றும் தெரியாத அளவு.

செகண்டரி துண்டானால் எதிர்க்கும் 3.25 ஆம்பியர் போய்விடும். பஸ்பாரின் 520 ஆம்பியர் அப்படியே இருக்கும். சில ஆம்பியர்-சுற்றுகளுக்காகச் செய்த கோரின்மேல் 520 ஆம்பியர்-சுற்றும் வந்து விழும். பிஸ்டன் பம்ப் ஓடும்போது வெளியேறும் வால்வை மூடியதுபோல: பம்ப் தள்ளுவதை நிறுத்தாது, அழுத்தம்தான் ஏறும். கோர் ஒரு திசையில் முழுச் செறிவுக்கு, அதாவது இதற்குமேல் காந்தமாக முடியாத நிலைக்கு, போகிறது. பிரைமரி மின்னோட்டம் சுழியைக் கடக்கும் நொடிப்பொழுதில் மறுதிசையின் செறிவுக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பம் மிகக் குறுகிய நேரத்தில் நடப்பதால், 160 சுற்றுகளிலும் ஊசிபோல் கூரான வோல்ட்டேஜ் கிளம்புகிறது. 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை. இந்த அளவுள்ள சி.டி.யில் உச்சம் பல நூறு வோல்ட்டைத் தாண்டும். பெரிய கோரும் அதிகச் சுற்றுகளும் உள்ளவற்றில் பல ஆயிரம் வோல்ட்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "திறந்த சி.டி.யில் எத்தனை வோல்ட் வருகிறது, மல்டிமீட்டரில் பார்த்துவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கக் கூடாது. மல்டிமீட்டர் காட்டும் எண் ஊசியின் உச்சத்தைச் சொல்லாது. உச்சமோ மீட்டரின் காப்பையே துளைத்துவிடலாம்.

## அன்று நடந்தது

டெக்னீஷியன் வரைபடத்தைக் கையில் வைத்திருந்தார். டெர்மினல் வரிசையின் மேல்பக்கத்தில் சி.டி., கீழ்ப்பக்கத்தில் மீட்டர் என்று அதில் இருந்தது. அதன்படி மேல்பக்க டெர்மினல்களில் செம்பு ஜம்பர்களைப் போட்டு, மூன்று ஃபேஸ்களையும் பொதுவயருடன் சேர்த்து இறுக்கினார். மீட்டரின் மங்கிய திரையில் மூன்று ஃபேஸ்களின் ஆம்பியரும் சுழிக்கு விழுந்தது தெரிந்தது. வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் டங் டெஸ்டரை எடுத்து, மீட்டரின் பின்னால் சிவப்பு ஃபேஸ் வயரில் கவ்வினார். அங்கேயும் சுழி. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிவப்பு ஃபேஸின் லிங்க் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஸ்க்ரூடிரைவரின் நுனியால் லிங்கைத் தள்ளியபோது, இடைவெளியில் நீலநிறப் பொறி இழுபட்டு நின்றது. பொறி அணையாமல் இரைந்தது. கூடவே பஸ்பார் அறையிலிருந்து கரகரப்பான ஒரு ரீங்காரம். அவர் கையை எடுத்துக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரின் தண்டுவரை காப்பு உறை இருந்தது அவருடைய நல்ல நேரம்.

பக்கத்தில் மேற்பார்வையாளர் நின்றிருந்தார்.

"சார், லிங்கைத் திரும்பத் தள்ளிடவா?"

"வேண்டாம், கிட்டப் போகாதீங்க. மெயினை இறக்கிடறேன்."

பிரதான பிரேக்கரை அவர் கையால் டிரிப் செய்தார். ரீங்காரம் நின்றது, பொறி நின்றது, ஆலையும் நின்றது.

## மெயினை இறக்கிய முடிவு

பிற்பாடு நடந்த கூட்டத்தில் அதிகம் கேள்விக்கு உள்ளானது இந்த முடிவுதான். லிங்கை அரை அங்குலம் திரும்பத் தள்ளியிருந்தால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்குமே, எதற்கு ஆலை முழுவதையும் நிறுத்தினீர்கள் என்று உற்பத்திப் பிரிவு கேட்டது.

என் பார்வையில் மேற்பார்வையாளர் செய்ததே சரி. லிங்கைத் தள்ள வேண்டுமென்றால் பொறி பறக்கும் இடத்துக்குக் கை போக வேண்டும். பொறியில் உருகிய லிங்க் திரும்ப ஒழுங்காகப் பொருந்தும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பாதியில் சிக்கினால் நிலைமை இன்னும் மோசம். மாறாக, பிரைமரி மின்னோட்டத்தை நிறுத்தினால் வோல்ட்டேஜின் மூலமே போய்விடுகிறது. திறந்த சி.டி.யை அடக்க நிச்சயமான வழி அது ஒன்றுதான். லோடைக் குறைப்பதும் ஓரளவு உதவும், ஆனால் கோர் செறிவடையச் சிறிதளவு மின்னோட்டமே போதும் என்பதால் பாதி லோடு என்பது பாதி ஆபத்து ஆகாது.

இன்னொன்றையும் அவர் யோசித்திருந்தார். இந்தச் சி.டி.கள் ரிலேயுடன் சேராதவை. ஆகவே பிரேக்கர் தானாக விழ எந்தக் காரணமும் இல்லை. யாராவது இறக்கினால்தான் உண்டு. சி.டி. செகண்டரியில் ஃப்யூஸ் போடும் வழக்கமும் கிடையாது, போடவும் கூடாது. ஃப்யூஸ் போவது என்றாலே சி.டி. திறப்பது என்றுதான் அர்த்தம்.

## ஷார்ட் ஏன் பலிக்கவில்லை

சப்ளை இல்லாத பேனலில் வயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தபோது காரணம் சில நிமிடங்களில் கிடைத்தது. பேனல் கட்டியபோது சி.டி. வயர்கள் பஸ்பார் அறையிலிருந்து கீழ் டிரங்கிங் (வயர் போகும் பெட்டிப்பாதை) வழியாக வந்து, டெர்மினல் வரிசையின் கீழ்ப்பக்கத்தில் நுழைந்திருந்தன. வரைபடத்தில் மேலே காட்டியது, பலகையில் கீழே. கதவுக்குப் போகும் மீட்டர் வயர்கள்தான் மேல்பக்கம். வயர் முனையில் மாட்டும் ஃபெரூல் எண்களும் உதவவில்லை. லிங்கின் இரண்டு பக்கத்திலும் ஒரே எண்தான் குத்தியிருந்தது.

ஆக, ஜம்பர் உட்கார்ந்தது மீட்டர் பக்கத்தில். மின்னோட்டம் சி.டி.யிலிருந்து கிளம்பி, லிங்கைக் கடந்து, ஜம்பரில் திரும்பி, பொதுவயர் வழியாக வீடு சேர்ந்தது. மீட்டருக்குள் போகவில்லை, ஆகவே மீட்டரில் சுழி. லிங்கைத் திறந்ததும் ஜம்பரோடு சேர்ந்து மொத்தப் பாதையும் அறுந்தது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஜம்பரைவிட, அவர் செய்த சரிபார்ப்பு. மீட்டரில் சுழி வந்தது. டங் டெஸ்டரிலும் சுழி வந்தது. ஜம்பர் சரியான பக்கத்தில் இருந்திருந்தாலும் இதே இரண்டு சுழிகள்தான் வந்திருக்கும். சி.டி.யிலிருந்து வரும் வயரில் கவ்விப் பார்த்திருந்தால்? இரண்டு நிலையிலும் 3.25 ஆம்பியர் காட்டும். அதாவது, சரிக்கும் தவறுக்கும் ஒரே விடை தரும் சோதனை அது. அவர் சோதித்தது "மீட்டருக்கு மின்னோட்டம் போகிறதா" என்பதை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி "நான் திறக்கப்போகும் இந்த லிங்க் வழியாக மின்னோட்டம் போகிறதா" என்பது.

அந்தக் கேள்விக்கு மின்சாரத்தில் விடை கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லிங்கின் இரு முனைகளுக்கிடையே மில்லிவோல்ட் பார்க்கலாம். மின்னோட்டம் ஓடினால் தொடுதடையில் சில மில்லிவோல்ட் தெரியும், ஓடாவிட்டால் தெரியாது. கூட்டத்தில் இது பேசப்பட்டு, அன்றாட நடைமுறையாக வைக்க வேண்டாம் என்று விடப்பட்டது. பக்கத்துப் பஸ்பாரின் காந்தப்புலமே அந்த அளவு மில்லிவோல்ட்டைக் காட்டவைக்கும். அதை நம்பி ஒருவர் லிங்கைத் திறப்பது பழைய கதையாகவே முடியும்.

இதே டெர்மினல் பலகையில், இரண்டு அங்குலம் தள்ளி, மீட்டரின் வோல்ட்டேஜ் வயர்களும் இருந்தன. அவற்றில் திறந்தால் பாதுகாப்பு, ஷார்ட் ஆனால் ஆபத்து. சி.டி. வயர்களில் ஷார்ட் ஆனால் பாதுகாப்பு, திறந்தால் ஆபத்து. இரண்டுக்கும் ஒரே சாம்பல்நிற வயர், ஒரே தடிமன், ஒரே வகை டெர்மினல். ஜம்பர் தவறி அந்தப் பக்கம் போயிருந்தால் அது வேறொரு விபத்து. பேனல் கட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

## சோதனைகள்

கருகிய டெர்மினலை மாற்றினால் போதும் என்ற எண்ணம்தான் முதலில் எல்லோருக்கும் இருந்தது. காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் சிவப்பு ஃபேஸ் சி.டி.யின் செகண்டரிக்கும் எர்த்துக்கும் இடையே காப்பு நன்றாகவே இருந்தது. சுற்றின் மின்தடை 0.15 ஓம் அருகில்; மற்ற இரண்டு சி.டி.களும் அப்படியே. "சி.டி. ஓகே" என்று எழுதிவிடலாம் போலத்தான் இருந்தது.

கூடவே ஒரு வாதமும் வந்தது. ஐ.இ.சி. 61869-2 தரப்படி, சுற்றுகளுக்கிடையேயான காப்பைச் சோதிக்கத் தயாரிப்பாளரே செகண்டரியைத் திறந்து வைத்து, பிரைமரியில் முழு மின்னோட்டத்தை ஒரு நிமிடம் செலுத்துகிறார், உச்சம் 4.5 கிலோவோல்ட்டை எட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார். அதைத் தாங்கித்தானே இது வந்திருக்கிறது, இப்போது ஒரு நிமிடம்கூட ஆகவில்லையே என்றார்கள். வாதம் சரிதான், புதுச் சி.டி.க்கு. இது பல ஆண்டுகள் பஸ்பாரின் சூட்டிலும் அதிர்விலும் இருந்தது.

எனவே கிளர்வுச் சோதனை செய்தோம். பஸ்பாரில் ஒன்றும் ஓடாத நிலையில், செகண்டரியில் ஏ.சி. வோல்ட்டேஜை வேரியாக்கால் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் மின்மாற்றி) மெல்ல ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பார்ப்பது. திறந்த சி.டி.யின் கோரில் எஞ்சு காந்தம் தங்கியிருக்கும் என்பதால், முதலில் ஒருமுறை வோல்ட்டேஜைச் செறிவுவரை ஏற்றி நிதானமாகச் சுழிக்கு இறக்கினோம். காந்தநீக்கம் என்பது அவ்வளவுதான். அப்புறம் அளந்தோம். 5 வோல்ட்டில் மஞ்சள், நீல ஃபேஸ் சி.டி.கள் சுமார் 40 மில்லியாம்பியர் இழுத்தன. சிவப்பு 250க்கு அருகில் இழுத்தது.

160 சுற்றுகளில் ஒரே ஒரு சுற்று பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொண்டால் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும். 5 வோல்ட்டை 160ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 31 மில்லிவோல்ட். அந்தச் சுற்றின் தடை ஒரு மில்லி ஓம்கூட இருக்காது. ஆகவே முப்பது ஆம்பியருக்கு மேல் அதற்குள்ளேயே சுழல்கிறது. வெளியே பார்த்தால் அது 200 மில்லியாம்பியர் கூடுதலாகத் தெரிகிறது. மெக்கர் இதை ஏன் பிடிக்கவில்லை என்றால், அது சுற்றுக்கும் எர்த்துக்கும் இடையில்தான் பார்க்கிறது, சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் அல்ல. ஓம் மீட்டர் ஏன் பிடிக்கவில்லை? 160இல் ஒன்று போனால் தடை 0.6 சதவீதம் குறையும். வயரின் வெப்பநிலை இரண்டு டிகிரி மாறினாலே அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கணக்குப் போட்டோம். அன்றைய லோடில், உள்தடையையும் வயரையும் சேர்த்து செகண்டரி சுமந்தது 1.1 வோல்ட் அளவு. ஒட்டிய சுற்று அதில் சுமார் 45 மில்லியாம்பியரைத் தின்றுவிடும். 3.25 ஆம்பியரில் அது ஒரு சதவீதத்துக்கும் மேல். கிளாஸ் 0.5 என்று பெயர்ப்பலகையில் இருக்க, சிவப்பு ஃபேஸ் எப்போதும் குறைவாகவே காட்டிக்கொண்டிருக்கும். அலாரம் அடிக்காது, புகை வராது. மூன்று ஃபேஸ்களிலும் லோடு கொஞ்சம் ஏறியிறங்கும் ஆலையில் இதை யாரும் கவனிக்கப்போவதும் இல்லை. பல மாதம் கழித்து ஆற்றல் கணக்கு இடிக்கும்போது குற்றம் புது மீட்டர்மேல் போயிருக்கும்.

## இடைக்கால ஏற்பாடும் மாற்றமும்

சி.டி.யை மாற்றுவது என்று முடிவானது, ஆனால் புதியது கைவசம் இல்லை. அதுவரை ஆலையை நிறுத்திவைக்க முடியாது. சப்ளை இல்லாத அந்த நேரத்திலேயே மூன்று சி.டி.களையும் அவற்றின் சொந்த டெர்மினல்களில், செகண்டரியின் இரு முனைகளான எஸ்1க்கும் எஸ்2க்கும் நடுவே, நேரடியாக ஷார்ட் செய்து இறுக்கினோம். ஷார்ட் ஆன சி.டி. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் அப்படியே இருக்கலாம். சிவப்பில் ஒரு சுற்று ஒட்டியிருந்தாலும், செகண்டரி ஷார்ட்டில் கோரின் காந்தப்பாய்வு மிகக் குறைவு என்பதால் அங்கே பயமில்லை. எர்த் இணைப்பையும் ஓரிடத்தில் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். செகண்டரிக்கு எர்த் அவசியம். பிரைமரிக் காப்பு விட்டால் பஸ்பாரின் வோல்ட்டேஜ் மீட்டர் வயருக்கு வந்துவிடாமல் அதுதான் காக்கும். இரண்டு இடத்தில் எர்த் போட்டாலோ, நிலத்தின் வழியாக ஒரு பாதை உண்டாகி அளவீடு கெடும்.

இடைக்காலத்தில் லோடைப் பதிய, கவ்வும் வகைச் சின்னச் சி.டி.களை அப்போதே மாட்டினோம். அவற்றில் சுமைத்தடை உள்ளேயே இருக்கும். முழு லோடில் 0.333 வோல்ட் மட்டும் வெளியே கொடுக்கும். இந்த வகையில் வயர் கழன்றாலும் செகண்டரி திறக்காது. கவ்வும் சி.டி. எல்லாமே இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். மின்னோட்டமாகவே வெளியே தரும் வகையும் கடையில் பக்கத்திலேயே இருக்கும், உருவமும் ஒன்றுபோலத்தான். வாங்கும்போது வெளியீடு வோல்ட்டா ஆம்பியரா என்று படிக்க வேண்டும்.

புதுச் சி.டி. வந்தது. பஸ்பாரைக் கழற்றி, வளையத்தை நுழைத்து, பிராக்கெட்டில் பொருத்தினார்கள். துளைகள் ஒரு பக்கமாகத்தான் எளிதாகப் பொருந்தின, அது தலைகீழ்ப் பக்கம். சப்ளை வரும் திசையைப் பார்க்க வேண்டிய, பி1 என்று குறித்த முகம் லோடு பக்கம் திரும்பியிருந்தது. சப்ளை கொடுக்கும் முன்பே இது பிடிபட்டதற்குப் பழைய பேட்டரிச் சோதனைதான் காரணம். பி1 பக்கம் பேட்டரியின் பாசிட்டிவ் வரும்படி பிரைமரிப் பாதையில் ஒரு நொடி தொட்டு எடுப்பது. முள் மீட்டரின் பாசிட்டிவ் எஸ்1இல். தொடும்போது முள் முன்னோக்கித் துள்ளினால் முனைகள் சரி. டெக்னீஷியன் சப்ளை வரும் பக்கத்தை பி1 என்று எடுத்துக்கொண்டு தொட்டார். முள் பின்னோக்கித் துள்ளியது. கவனிக்காமல் விட்டிருந்தால் சிவப்பு ஃபேஸின் பவர் மைனஸில் போய், மூன்றும் சமமாக இருந்தாலும் மொத்தம் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காட்டியிருக்கும்.

எஸ்1, எஸ்2 வயர்களை மாற்றிப் போட்டாலும் எண் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று சி.டி.யையே திருப்பிப் பொருத்தச் சொன்னோம். வரைபடம் ஒன்று, பலகை வேறொன்று என்ற நிலைதான் இத்தனைக்கும் காரணம்; அதே பேனலில் இன்னொன்றைச் சேர்க்க யாருக்கும் மனமில்லை. பேட்டரி தொட்டதில் கோரில் கொஞ்சம் காந்தம் தங்கும் என்பதால், கடைசியில் மறுபடி காந்தநீக்கம் செய்துவிட்டு மூடினார்கள்.

## அதற்குப் பிறகு

டெர்மினல் வரிசை மாற்றப்பட்டது. இப்போது அங்கே இருப்பது சோதனை டெர்மினல் பிளாக். வேலையின்போது சி.டி. பக்கத்தை ஷார்ட் செய்வதற்கான பாலம் அதிலேயே நிரந்தரமாக உண்டு; பாலத்தைப் போடாமல் லிங்கின் மூடியைக் கழற்ற முடியாது. சி.டி. வயர்களுக்கும் வோல்ட்டேஜ் வயர்களுக்கும் தனி நிறம், நடுவே தடுப்புத் தகடு. ஃபெரூலில் லிங்கின் இரு பக்கத்துக்கும் வெவ்வேறு எண். வரைபடம் பலகையில் இருப்பதுபோலத் திருத்தப்பட்டு கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டது.

மற்ற பேனல்களில் பழைய லிங்க் வரிசைகள் இருந்தன. அங்கே ஓடும் நிலையில் மீட்டர் மாற்ற வேண்டியிருந்தால், லிங்கின் இரண்டு பக்கத்திலும் ஷார்ட் போட வேண்டும் என்று நடைமுறை மாறியது. எது சி.டி. பக்கம் என்ற ஊகமே இதில் தேவையில்லை. எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒரு ஷார்ட் சரியாக விழும். எழுதிப் பார்த்தால் மிகச் சாதாரணம். இந்த நிகழ்வில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

திரும்ப இணைக்கும் வரிசைதான் இன்னும் கவனமாகப் பார்க்கப்பட்டது, ஏனென்றால் கடைசி ஷார்ட்டை எடுக்கும் நொடியில் மீட்டர் பக்கம் ஒரு லக் (வயர் முனையின் இணைப்புத் துண்டு) தளர்ந்திருந்தால் மறுபடி அதே திறப்புதான். லிங்க்குகள் திறந்தே இருக்கும்போது, புது மீட்டரை இணைத்து, மீட்டர் பக்க ஜம்பரை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து மீட்டர் வழியாக ஓம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஃபேஸிலும் ஒரு ஓமுக்குக் குறைவாக வந்தால் லிங்க்கை மூடலாம். அதன் பிறகே சி.டி. பக்க ஜம்பர், ஒரு ஃபேஸ் முடிந்து அடுத்தது, மீட்டரின் திரையைப் பார்த்துக்கொண்டே. ஜம்பரைத் தளர்த்தும்போது திரையில் ஆம்பியர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே இறுக்கிவிட்டு, காரணத்தைத் தேட வேண்டும்.

கதவையே திறக்க வேண்டியிராதபடி மீட்டரை ஆலையின் கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. தூரம் 40 மீட்டர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரின் தடை மீட்டருக்கு 7.4 மில்லி ஓம். போக வர 80 மீட்டருக்கு 0.59 ஓம். 5 ஆம்பியரில் அது கிட்டத்தட்ட 15 வி.ஏ. சி.டி. தாங்குவது 10 வி.ஏ. வயரே சி.டி.யின் சுமையைத் தாண்டிவிடுகிறது, மீட்டரை இன்னும் சேர்க்கவே இல்லை. செகண்டரி 1 ஆம்பியர் என்றிருந்தால் அதே வயர் 0.6 வி.ஏ.தான் கேட்டிருக்கும். நீண்ட வயருக்கு 1 ஆம்பியர் சி.டி.யைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். யோசனை கைவிடப்பட்டது.

இரண்டு பேனல்களில் டெர்மினல் வரிசையைச் சுற்றி இடமே இல்லை. இரு பக்கமும் ஜம்பர் போடக் கை நுழையாது. அவற்றில் வரிசை மாறும்வரை மீட்டர் வேலை என்றால் ஷட்டவுன்தான் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். உற்பத்திப் பிரிவின் கையெழுத்தும் அதில் இருக்கிறது.